வாய் திறக்காத பிள்ளையை இரண்டு வகுப்பு கீழே போடலாமா?

சில வாரங்களுக்கு முன் இந்தப் பக்கத்தில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். தமிழ் வழியில் ஐந்தாம் வகுப்பு முடித்த தன் பெண்ணை ஓர் இன்டர்நேஷனல் ஸ்கூலில் சேர்க்கப் போனாராம். "இங்கிலீஷ் வரவில்லை, கீழ் வகுப்பில்தான் போடுவோம்" என்று சொல்லிவிட்டார்களாம். என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் எழுதிய இரண்டு பேருமே, "அஸ்திவாரம் நன்றாக இருக்க வேண்டும், ஒரு வருஷம் போனால் போகட்டும்" என்று எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஆண் பிள்ளையோ பெண் பிள்ளையோ, ஒரு வருஷம் போவது லேசான காரியம் இல்லை. அதிலும் எங்கள் திருப்பூரில் பெண் பிள்ளைக்கு இரண்டு வருஷம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் பத்தாம் வகுப்பு எழுத வேண்டியவள் பதினேழு வயதில் எழுதுவாள். அதற்குள் வீட்டில் பாட்டி பேச்சை எடுத்துவிடுவார். "பத்து முடிக்கறதுக்கே பதினேழு ஆச்சு, இனி என்னத்த காலேஜு?" என்பார்கள். தெருமுனையில் பனியன் கம்பெனி வேன் காலையும் மாலையும் வந்து நிற்கிறது. செக்கிங்கிலோ கைமடியிலோ உட்கார்ந்தால் வாரச் சம்பளம். படிப்பு அங்கேயே நின்று போகும். பள்ளிக்கூடத்து ஆபீஸ் அறையில் அட்மிஷன் படிவத்தில் "வகுப்பு" என்ற கட்டத்தில் 6 என்று போடாமல் 4 என்று போடும்போது, இது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

எங்கள் லைனில் மூன்றாவது வீட்டில் ஒரு கட்டிங் மாஸ்டர் குடும்பம் இருக்கிறது. அவர் மனைவி வீட்டிலேயே பிசிறு வெட்டும் வேலை எடுத்துச் செய்கிறார். மூத்த பெண் பஞ்சாயத்து யூனியன் பள்ளியில் ஐந்தாவது முடித்தவள். அவளை ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு பெரிய பள்ளியில் சேர்க்க ஆசைப்பட்டு, "ஏனுங்க அக்கா, நீங்களும் கூட வந்தா தைரியமா இருக்குமுங்க" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் பத்தாவதுதான், ஆனாலும் போனேன்.

ஏசி ரூம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம். பெண்ணிடம் பெயரைக் கேட்டார், சொன்னாள். அதற்குப் பிறகு வேகமாக இங்கிலீஷில் நாலைந்து கேள்வி. பிள்ளை என் முகத்தையும் அவள் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயே திறக்கவில்லை. ஒரு தாளைக் கொடுத்து எழுதச் சொன்னார்கள். கணக்குக் கேள்விகூட இங்கிலீஷில்தான். நான்கு வரி படித்துப் புரிந்தால்தான் கூட்டலா பெருக்கலா என்றே தெரியும். பத்து நிமிஷத்தில் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஃபவுண்டேஷன் இல்லை. நாலாம் வகுப்பில் போடலாம். அதுவும் ட்ரையல்" என்றார். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, "வீட்டில் யாராவது இங்கிலீஷ் பேசுவீங்களா?" என்றார். அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இந்தப் பெண் யார் தெரியுமா? அம்மாவின் பிசிறுக் கணக்கு முழுவதும் இவள் கையில்தான். டஜனுக்கு 4 ரூபாய் வீதம் 37 டஜன் போயிருக்கிறது, அதில் 3 டஜன் திரும்பி வந்துவிட்டது, மீதி எவ்வளவு என்று கேட்டால், நாம் பேப்பர் தேடுவதற்குள் "136" என்பாள். அட்வான்ஸ் கழித்து எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்வாள். இவளுக்கா கணக்கு வராது? கணக்கு வரும்; அந்த மேடம் கேட்ட பாஷை வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதுதான் இந்த அட்மிஷன் விவகாரத்தில் நடக்கும் பெரிய அநியாயம் என்பேன்.

"இன்டர்நேஷனல்" என்ற பெயருக்கே வருகிறேன். இந்தப் பெயரில் பள்ளிகள் எப்படி வந்தன? 1924-ல் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகரத்தில் சர்வதேசப் பள்ளி ஒன்று தொடங்கினார்கள். அப்போது அங்கே சர்வதேச சங்கம் இருந்தது. அதில் வேலை பார்க்கப் பல நாடுகளிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட பள்ளி அது. ஆளுக்கொரு தாய்மொழி. நம் தமிழ்நாட்டிலேயே கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக ஹைக்ளர்க் என்ற பெயரில் ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். அதுதான் பிற்பாடு கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆனது. ஐ.பி. என்கிற சர்வதேசப் பாடத்திட்டத்தை 1976-ல் இந்தியாவிலேயே முதலில் கொண்டு வந்ததும் அங்கேதான். ஆக, பல பாஷைப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள் என்பதை ஒத்துக்கொண்டு பிறந்த பெயர் இது. அந்தப் பெயரை போர்டில் எழுதிக்கொண்டு, "இங்கிலீஷ் தெரியாத பிள்ளை எங்களுக்கு ஆகாது" என்றால் சிரிப்பதா அழுவதா?

கேம்பிரிட்ஜ்காரர்கள் 1988 முதல் நடத்தும் ஐ.ஜி.சி.எஸ்.இ. பரீட்சையில்கூட இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு ஒரு பேப்பர், இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களுக்கு வேறு பேப்பர் என்று தனித்தனியாக இருக்கிறது. பரீட்சை வைக்கிறவர்களே ஒத்துக்கொள்ளும் விஷயத்தை இங்கே வாசலில் நிற்பவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். (இன்னொன்று: போர்டில் இன்டர்நேஷனல் என்று இருப்பதை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். எந்தப் பாடத்திட்டம், எங்கே பதிவு என்று கேளுங்கள். உள்ளே சி.பி.எஸ்.இ.யாக இருக்கும், சில இடங்களில் நம் ஸ்டேட் போர்டாகவே இருக்கும். அதில் தப்பில்லை, தெரிந்து பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான்.)

நல்ல முறையில் சேர்ப்பது எப்படி இருக்கும் என்று என் நாத்தனாரிடம் கேட்டேன். அவர் பி.எட். முடித்து வெளியூரில் டீச்சராக இருக்கிறார். அவர் சொன்னது எனக்கு நியாயமாகப் பட்டது. முதலில் பிள்ளைக்குத் தெரிந்த பாஷையில் பேசிப் பார்க்க வேண்டுமாம். தமிழில் ஒரு கதையைப் படிக்கச் சொல்லி, தமிழிலேயே நாலு வரி எழுதச் சொல்ல வேண்டும். கணக்கை எண்களாக மட்டும் கொடுத்துப் போடச் சொல்ல வேண்டும். பழைய பள்ளியின் நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்க வேண்டும். இதிலெல்லாம் பிள்ளை வயதுக்குத் தக்கபடி இருந்தால், அதற்கு அறிவிலோ பாடத்திலோ குறை இல்லை. இங்கிலீஷ் மட்டும்தான் புதுசு என்று அர்த்தம். அதற்கப்புறம் இங்கிலீஷை நாலாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்டால் புரிகிறதா, பேச வருகிறதா, படிக்க வருகிறதா, எழுத வருகிறதா? சில பிள்ளைகள் படிப்பார்கள், பேச வராது. சில பிள்ளைகள் டி.வி. பார்த்துப் பேசுவார்கள், ஒரு வரி எழுத வராது. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் எப்படி?

வகுப்பு என்பது வயதைப் பொறுத்தது, இங்கிலீஷ் நிலை என்பது வேறு. ஆறாம் வகுப்பிலேயே உட்கார வைத்து, தினம் ஒரு பீரியட் இங்கிலீஷை ஆரம்பத்திலிருந்து தனியாகச் சொல்லித் தரலாம். இது ஏதோ வெளிநாட்டுச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். நம் அரசுப் பள்ளிகளில் 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டம் கொண்டு வந்தபோது, ஒரே வகுப்புக்குள்ளேயே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரவில்லை என்றால் அது அரும்பு. ஆனால் உட்காருவது மூன்றாம் வகுப்பில்தான். ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோய்த் தள்ளவில்லை. லட்சம் லட்சமாக வாங்குகிறவர்களுக்கு இது முடியாதா என்ன?

இன்னொரு விஷயமும் அவர் சொன்னார். புது பாஷைக்குள் போகும் பிள்ளை முதல் சில வாரம், ஏன் சில மாதம்கூட, பேசாமலேயே இருக்குமாம். அது மந்தம் இல்லை. காதால் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கைக்குழந்தை பேசுவதற்கு முன் ஒரு வருஷம் நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறதே, அதை யாராவது மக்கு என்கிறோமா? கனடாவில் ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர், வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறிய பிள்ளைகளை வைத்து 1980-களின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறாராம். விளையாட்டு மைதானத்தில் பேசும் இங்கிலீஷ் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும். பாடப் புத்தக இங்கிலீஷில் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக வர ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும் என்று. இதைக் கேட்டதும் எனக்குப் பல விஷயம் புரிந்தது. "நல்லா இங்கிலீஷ் பேசுறாளே, சயின்ஸில் மட்டும் ஏன் மார்க் வாங்கலை?" என்று பிள்ளையைத் திட்டும் தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐந்து வருஷம் ஆகிற ஒன்றுக்காக இரண்டு வகுப்பு கீழே போட்டால் மட்டும் அது வந்துவிடுமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். பெண்கள் பலருக்கும் இது தெரிவதில்லை. எனக்கே இந்த விவகாரத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 25 சதவீத இடம் தருவார்களே, அந்தச் சட்டம்தான். அதன் 13-ம் பிரிவு, ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரை உள்ள பிள்ளையைச் சேர்க்கும்போது, பிள்ளையையோ பெற்றவர்களையோ பரீட்சை, இன்டர்வியூ வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. நன்கொடை வாங்கக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான். வடிகட்டினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரை. பெற்றவர்களையும் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். "அம்மா இங்கிலீஷ் பேசுவாரா?" என்று கேட்டு அதை வைத்து இடம் இல்லை என்பதற்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது. தலை குனிய வேண்டியது நாம் இல்லை.

4-ம் பிரிவு இன்னும் முக்கியம். பள்ளிக்கூடமே போகாத பிள்ளை, பாதியில் நின்ற பிள்ளை, இவர்களைக்கூட வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். மற்றவர்களோடு சமமாக வருவதற்குத் தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு இந்த நியாயம் என்றால், ஒழுங்காக ஐந்து வருஷம் படித்துத் தேறிய பிள்ளையை இரண்டு வகுப்பு கீழே போடுவது எந்த ஊர் நியாயம்? சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போய் நின்று வாதாடிவிட்டு ஏமாறக் கூடாது.

அப்படியானால் பிள்ளையிடம் ஒன்றுமே கேட்கக் கூடாதா என்றால், அதுவும் சரியில்லை. சேர்த்த பிறகு, எதில் உதவி வேண்டும் என்று பார்ப்பதற்குக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். டாக்டர் நாடி பிடித்துப் பார்ப்பது மருந்து எழுத, வாசலை அடைக்க இல்லை.

1974-ல் அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பள்ளிகளில் சுமார் 1,800 சீனப் பிள்ளைகள் இங்கிலீஷ் புரியாமல், எந்தத் தனி உதவியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். "எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே டீச்சர்தானே, நாங்கள் என்ன பாரபட்சம் செய்தோம்?" என்பது பள்ளித் தரப்பு வாதம். புரியாத பாஷையில் ஒரே புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் அது சமத்துவம் ஆகாது என்று நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது. லாவ் வழக்கு என்று அதற்குப் பெயர். உதவி இல்லாமல் மேல் வகுப்பில் உட்கார வைப்பதும் தப்பு என்பதற்காக இதைச் சொல்கிறேன். "சேர்த்துக்கிட்டோம்ல, இனி உங்க பாடு" என்று கைகழுவும் பள்ளிகளும் இருக்கின்றன.

அந்தப் பெண் கதையை விட்டுவிட்டேனே. அன்றைக்கு வெளியே வந்ததும் அவள் அப்பா, "போட்டா போடட்டும், எப்படியும் பெரிய ஸ்கூலாச்சே" என்றுதான் சொன்னார். அம்மாதான் பிடிவாதமாக, "நாலாவது படிச்ச புள்ள மறுபடியும் நாலாவதா? வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். எங்கள் பகுதியிலேயே ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே எடுத்துக்கொண்டார்கள். இதில் ஒரு சௌகரியம் உண்டு. 2010-ல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்து, 2011-ல் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பத்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே பாடமாகிவிட்டது. யூனியன் பள்ளியில் தமிழில் படிக்கும் அதே அறிவியல் பாடத்தைத்தான் மெட்ரிக்கில் இங்கிலீஷில் படிக்கிறார்கள். பாஷைதான் வேறு, சரக்கு ஒன்றுதான். அதனால் அந்தத் தாய் ஒரு காரியம் செய்தார். பாடநூல் கழகத்துப் புத்தகத்தைத் தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என்று இரண்டும் வாங்கிவிட்டார். ராத்திரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, தமிழில் பாடத்தை முதலில் படித்துப் புரிந்துகொண்டு, அப்புறம் இங்கிலீஷ் பக்கத்தைப் படிப்பாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க முடிந்தது. டியூஷனுக்குக் கொட்டும் பணத்தை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

காலாண்டில் இங்கிலீஷ் 31, கணக்கு 84. அரையாண்டில் இங்கிலீஷ் 46. சமூக அறிவியல்தான் இன்னமும் தகராறு. நீள நீளமான வாக்கியம், புரியாமல் மனப்பாடம் செய்கிறாள். வரும். ஏழாவது போகும்போது தோழிகளோடு சரளமாகப் பேசுகிறாள் என்று அவள் அம்மா சொன்னார்.

"வீட்டில் இனிமேல் இங்கிலீஷிலேயே பேசுங்கள்" என்று சில பள்ளிகளில் பெற்றவர்களுக்கு உபதேசம் செய்கிறார்கள். தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். நமக்கே அரைகுறையாகத் தெரிந்த பாஷையில் பேசினால் பிள்ளைக்கு அரைகுறைதான் வரும், நம்மோடு மனம்விட்டுப் பேசுவதும் நின்றுபோகும். தமிழில் நிறையப் பேசி, பேப்பர் படிக்க வைத்து, "இது ஏன் இப்படி?" என்று கேட்க வைத்தால், அந்தப் புத்தி இங்கிலீஷுக்கும் கூடவே போகும்.

இதையெல்லாம் எழுதும்போது எங்கள் ஊரின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். முன்பு ஆண்கள் மட்டும் வந்தார்கள். இப்போது குடும்பத்தோடு லைன் வீடுகளில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நம் யூனியன் பள்ளிக்குத்தான் வருகிறார்கள். அங்கே பாஷை தமிழ். ஏசி ரூமில் நம் பெண் எப்படி விழித்தாளோ, அப்படித்தான் அவர்கள் இங்கே விழிக்கிறார்கள். நம் மாநிலத்தில் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழ் கட்டாயப் பாடம் என்பதால், எப்படியும் அவர்கள் தமிழ் எழுதியாக வேண்டும். "ஹிந்திக்காரப் பசங்களாலே நம்ம புள்ளைங்க படிப்பு கெடுது" என்று பள்ளி வாசலிலேயே சில தாய்மார்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதே தாய்மார்கள்தான் இங்கிலீஷ் பள்ளியில் தங்கள் பிள்ளையை ஒதுக்குகிறார்கள் என்று அழுகிறார்கள்.

எங்கள் லைனில் பீகாரிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறார். ஒன்பது வயதுப் பையன். டி.சி. இல்லை, பிறந்த சான்றிதழும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் போட்டுவிடுவார்களோ என்று பயந்துகொண்டு ஒரு வருஷம் அனுப்பாமலே வைத்திருந்தார். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது, டி.சி. வரத் தாமதமானாலும் அரசுப் பள்ளியில் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது. கை ஜாடையும் அரைகுறைப் பேச்சுமாக அவருக்குப் புரியவைத்து, தலைமையாசிரியையிடம் கூட்டிப்போனேன். அந்த அம்மா பையனிடம் எண்களை எழுதிக் காட்டி, கூட்டல், கழித்தல் போடச் சொன்னார். போட்டான். ஹிந்தியில் அவன் பெயரை எழுதச் சொன்னார். அழகாக எழுதினான். "நாலாவதுல உட்காரட்டும். தமிழ் மட்டும் ஒண்ணாவது புஸ்தகத்துல இருந்து ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி, ஏற்கெனவே இரண்டு வருஷமாகப் படிக்கும் ஒரு ஒடிசாப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். மொத்தம் கால் மணி நேரம்.

சேர்க்கை நேரத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் மூன்று விஷயத்தை வாய் திறந்து கேளுங்கள். தனியாக இங்கிலீஷ் சொல்லித் தரப்போவது யார்? எந்த பீரியடில்? விளையாட்டு, டிராயிங் பீரியடைப் பிடுங்கிக்கொண்டா? எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை முன்னேற்றம் பார்ப்பார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள். எட்டாம் வகுப்புக்குள் உள்ள பிள்ளையைப் பரீட்சை வைத்துத் திருப்பி அனுப்பினால், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, தமிழிலேயே பேசலாம்.

- ஓர் இல்லத்தரசி, அனுப்பர்பாளையம், திருப்பூர்